உரிமம் தருவது மாநிலமா, ஊரா?

மின்சாரம், தண்ணீர், லிஃப்ட் வேலைகளைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கும் தொழில் செய்வோருக்கும் ஒரு பாடம்

தலைநகரில் நம்மவர்கள் பெரும்பாலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் பக்கத்திலிருந்த சி.பி.டபிள்யூ.டி. 'என்கொயரி' அலுவலகத்தில் புகார் எழுதி வைத்தால் போதும். ஆள் வருவார். அவர் தகுதியுள்ளவரா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அது அரசாங்கத்தின் பொறுப்பு. இன்றோ நம் குடும்பங்கள் பல மயூர் விஹாரிலும் துவாரகாவிலும், யமுனையைத் தாண்டி நொய்டா, காஜியாபாத்திலும், தெற்கே குர்காவ்ன், ஃபரீதாபாத்திலும் சொந்த ஃப்ளாட் வாங்கிக் குடியேறிவிட்டன. சொந்த வீடு என்றால் ஆளைத் தேடிப் பிடிப்பதும் நம் பொறுப்பே.

"லைசென்ஸ் இருக்கிறதா?" என்று சிலர் கேட்கிறார்கள். "இருக்கிறது" என்று வருபவரும் சொல்கிறார். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த லைசென்ஸ் எந்த வேலைக்கு, யார் கொடுத்தது, எந்த எல்லைக்குள் செல்லும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம். வீட்டுக்காரருக்கு இது பாதுகாப்புப் பிரச்சினை. ஊரிலிருந்து வந்து இங்கே எலக்ட்ரீஷியனாகவும் பிளம்பராகவும் பிழைக்கும் நம் தம்பிகளுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

எல்லாத் தாளும் உரிமம் அல்ல

காண்ட்ராக்டர் ஒருவர் நம்மிடம் நீட்டும் தாள்கள் பல வகை. அவற்றைப் பிரித்தறிவதே முதல் படி.

1. ஜி.எஸ்.டி. பதிவு. இது வரி கட்டுவதற்கானது. வேலை தெரியும் என்பதற்குச் சாட்சி அல்ல.

2. பொதுப்பணித் துறையிலோ சி.பி.டபிள்யூ.டி.யிலோ 'முதல் வகுப்பு', 'இரண்டாம் வகுப்பு' என்று பெறும் பதிவு. அந்தத் துறையின் டெண்டர்களில் கலந்துகொள்ள இது தேவை. தனியார் வீட்டில் வேலை செய்ய இது தேவையும் அல்ல, போதுமானதும் அல்ல.

3. தொழிலாளர் துறையிடம் பெறும் ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம். ஆட்களை வைத்து வேலை வாங்குவதற்கானது. தொழிலாளியின் நலனுக்காக ஏற்பட்டது. தொழில் திறமையை அது அளப்பதில்லை.

4. ஐ.டி.ஐ. சான்றிதழ். எலக்ட்ரீஷியன், வயர்மேன் படிப்புகள் இரண்டு ஆண்டு. பிளம்பர் படிப்பு ஓராண்டு. தேசிய அளவிலான தொழிற்சான்று என்பதால் நாடு முழுவதும் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இது கற்றதற்கான சான்று. தொழில் நடத்துவதற்கான அனுமதி அல்ல.

5. ஒரு குறிப்பிட்ட தொழிலைச் செய்யச் சட்டப்படி அளிக்கப்படும் உரிமம். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

இந்த ஐந்தாவது தாளை எல்லாத் தொழிலுக்கும் ஒரே அலுவலகம் தருவதில்லை. மின்சாரத்துக்கு மாநில அரசு தருகிறது. குழாய் வேலைக்கு ஊரின் நிர்வாகம் அல்லது குடிநீர் வாரியம் தருகிறது. இந்த வேறுபாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

மின்சாரம்: மாநிலத்தின் கையில்

வீட்டு வயரிங்கை யார் செய்யலாம் என்பதை 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி சொல்லிற்று. 2003-ல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-ல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றுக்குப் பதிலாக 2023-ல் புதியவை வந்தன. எழுத்து மாறினாலும் சாரம் மாறவில்லை. ஒரு மின் வேலைக்கு மூன்று பேருடைய தகுதி வேண்டும்:

- காண்ட்ராக்டருக்கு மாநில அரசின் உரிமம்.
- நேரில் நின்று மேற்பார்வை செய்பவருக்குத் தகுதிச் சான்று, இவரே சூப்பர்வைசர்.
- கையால் வேலை செய்பவருக்கு பர்மிட், இவரே வயர்மேன்.

எல்லாவற்றுக்கும் இந்த மூவரையும் தேட வேண்டாம். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றைப் பழையதை எடுத்துவிட்டுப் புதியது மாட்டுவதற்கு விதியிலேயே விலக்கு உண்டு. ஆனால் இணைப்பின் திறனோ தன்மையோ மாறக் கூடாது. பழைய ஃபேனுக்குப் பதில் புதிய ஃபேன் மாட்டுவது விலக்குக்குள் வரும். புதிதாக ஏ.சி.க்குத் தனி லைன் இழுப்பது வராது. பால்கனியை அறையாக்கி அங்கே வயரிங் நீட்டுவதும் வராது. நம் வீடுகளில் 'சின்ன வேலைதானே' என்று செய்யப்படும் பல வேலைகள் உண்மையில் உரிமம் தேவைப்படும் வேலைகளே.

தில்லி யூனியன் பிரதேசம்தான். ஆனாலும் தனக்கென அரசு உள்ளதால் இந்த விஷயத்தில் ஒரு மாநிலம் போலவே நடக்கிறது. தில்லி அரசின் மின் ஆய்வாளர் அலுவலகத்தின் மூலம் உரிமம் பெற வேண்டும். மின் விநியோகம் 2002-லிருந்து தனியார் நிறுவனங்களின் கையில் உள்ளது. புதுதில்லி நகராட்சிப் பகுதிக்கு அந்த நகராட்சியே விநியோகம் செய்கிறது. பில் கொடுப்பவர் பகுதிக்குப் பகுதி வேறாக இருந்தாலும், மாநில உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் ரோகிணியிலும் வேலை செய்யலாம், லஜ்பத் நகரிலும் செய்யலாம். மாநில உரிமத்தின் முதல் பயன் இதுவே: எல்லை அகலமானது.

மின்சார வேலையில் தவறு செய்தால் அது சுவருக்குள் ஒளிந்திருக்கும். வண்ணம் பூசியதில் குறை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். எர்த் கம்பி எங்கும் போய்ச் சேரவில்லை என்பது, கீசரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்வரை தெரியாது. மெக்கர் கொண்டு இன்சுலேஷனைச் சோதிப்பதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று அளப்பதும், ஈ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதும் வெறும் சடங்குகள் அல்ல. இவற்றைச் செய்து கையெழுத்திட ஒருவர் வேண்டும் என்பதற்காகவே உரிமம் ஏற்பட்டது.

இந்த இடத்தில் தில்லிவாசிகள் மறக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1997 ஜூன் 13-ஆம் தேதி கிரீன் பார்க் உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். அன்று காலையிலேயே டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்து, அவசரமாகப் பழுது பார்க்கப்பட்டது. கேபிள் முனையை கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்தாமல் விட்டதால் இணைப்பு தளர்ந்து, மாலையில் மீண்டும் தீப்பற்றியது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததால் சாவு பெருகியது. பழுது பார்த்தவர்கள் மின்சார வாரியத்தின் ஊழியர்களே. தெருவில் பிடித்து வந்த ஆட்கள் அல்லர். ஆகவே தாள் இருந்தால் மட்டும் போதாது, கையும் கருவியும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீர்: ஊரின் கையில்

குழாய் வேலையின் கதை வேறு. பம்பாய் மாநகராட்சிச் சட்டம் 1888-ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்ற பிளம்பருக்கு இடம் கொடுத்தது. தில்லியில் 1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் இதை விரிவாகவே எழுதி வைத்தது. குடிநீர், கழிவுநீர் இணைப்பு வேலைகளை உரிமம் பெற்ற பிளம்பரே செய்ய வேண்டும். அற்ப வேலையானால் கமிஷனர் எழுத்து மூலம் விலக்கு அளிக்கலாம். மற்றவர் செய்த வேலையைப் பிரித்தெடுக்கவும் அதிகாரம் உண்டு.

அந்தச் சட்டம் வேலை செய்பவரை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. வீட்டுக்காரரையும் நினைத்துப் பார்த்தது. பிளம்பர் வாங்கக்கூடிய கூலியை நிர்ணயிக்கலாம். அதற்கு மேல் அவர் கேட்கக் கூடாது. மட்டமான சாமான்களைப் போடக் கூடாது. வேலையின் தரம், தாமதம், கட்டணம் பற்றி வீட்டுக்காரர் புகார் செய்தால் அதை விசாரிக்க வழி வேண்டும். ஊர் நிர்வாகம் உரிமம் தருவதன் சிறப்பு இதுதான். உரிமம் கொடுத்த அலுவலகம் நாம் நடந்து போய்ப் புகார் சொல்லக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

1998-ல் தில்லி ஜல் போர்டு அமைந்தபோது குடிநீரும் கழிவுநீரும் அதன் பொறுப்பாயின. லைசென்ஸ்டு பிளம்பர் என்ற ஏற்பாடும் கூடவே தொடர்ந்தது. ஜல் போர்டு தில்லி அரசின் சட்டத்தால் பிறந்ததுதான். ஆயினும் அது முழுத் தில்லிக்கும் வீட்டு வாசல்வரை தண்ணீர் தருவதில்லை. புதுதில்லி நகராட்சிப் பகுதிக்கும் கன்டோன்மென்ட் பகுதிக்கும் மொத்தமாகத் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறது. அங்கே வீடுகளுக்கு வழங்குவது அந்தந்த அமைப்பே. ஆகவே ஒரே தில்லிக்குள்ளேயே தண்ணீர் இணைப்புக்கு யாரிடம் போக வேண்டும் என்பது தெருவைப் பொறுத்து மாறும்.

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு குடிநீர் வடிகால் வாரியத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் பழக்கமானவர். மும்பையில் மாநகராட்சியின் லைசென்ஸ்டு பிளம்பர் இல்லாமல் கட்டடத்துக்குத் தண்ணீர் இணைப்பு வாங்குவது நடவாத காரியம். அலுவலகத்தின் பெயர் எதுவாயினும் கொள்கை ஒன்றே: எவருடைய குழாயில் நம் குழாய் சேருகிறதோ, அவர்தாம் உரிமம் தருகிறார்.

இப்படிப் பிரிந்தது ஏன்?

காரணத்தை அரசியல் சட்டத்தில் பார்க்கலாம். மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. அதனால் மத்திய அரசு நாடு முழுவதற்கும் பாதுகாப்பு விதியை எழுதுகிறது; உரிமத்தை மாநிலம் தருகிறது. தண்ணீரும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மாநிலங்கள் அவற்றை நகராட்சிகளுக்கும் வாரியங்களுக்கும் ஒப்படைத்துவிட்டன. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. கட்டட ஒழுங்கு, குடிநீர், தீயணைப்பு எல்லாம் அதில் உண்டு. மின்சாரம் இல்லை, தெருவிளக்கு மட்டுமே உண்டு.

சட்டத்துக்கு அப்பால் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மின்சாரம் எங்கும் ஒரே குணம் உடையது. மதுரையில் கொல்வது மயூர் விஹாரிலும் கொல்லும். ஆகவே அகலமான ஒரே விதி பொருந்துகிறது. குழாயோ ஊருக்கு ஊர் வேறு. தெருவில் மெயின் எந்த ஆழத்தில் போகிறது, அழுத்தம் எவ்வளவு, சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்கே தெரியும். ஒரு வீட்டில் செய்யும் தவறு அந்தத் தெரு முழுவதன் தண்ணீரையும் கெடுக்கலாம்.

இது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. 1933-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது இரண்டு ஓட்டல்களில் குழாய் அமைப்பின் கோளாறால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. சுமார் 1,400 பேருக்கு அமீபாச் சீதபேதி கண்டது. 98 பேர் இறந்தனர். பிளம்பர் வேலையை 'ஒழுகலை அடைக்கும் வேலை' என்று மட்டும் நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

யமுனையைத் தாண்டினால்

தலைநகர் வட்டாரம் பார்வைக்கு ஒரே ஊர். மெட்ரோவில் ஏறினால் எல்லை தாண்டியதே தெரிவதில்லை. ஆனால் உரிமத்தின் கண்ணுக்கு இது மூன்று அரசுகளின் ஆட்சி. நொய்டாவும் காஜியாபாத்தும் உத்தரப் பிரதேசம். குர்காவ்னும் ஃபரீதாபாத்தும் ஹரியானா. மின் காண்ட்ராக்டர் உரிமம் மூன்றிலும் வெவ்வேறு. தில்லி உரிமம் பெற்றவர் பாலத்தைத் தாண்டியதும் அந்த உரிமத்தின் பலம் தானாகக் கூட வருவதில்லை.

தண்ணீரில் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமானது. காஜியாபாத்தில் நகர் நிகமின் ஜல்கல் பிரிவு. நொய்டாவில் மாநகராட்சியே கிடையாது. 1976-ல் அமைந்த நொய்டா அதாரிட்டிதான் தண்ணீரும் தருகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னல் வேறு.

லிஃப்ட் விஷயத்தில் இந்த எல்லைகளின் விலை நன்றாக வெளிப்பட்டது. லிஃப்டுக்கு மத்தியச் சட்டம் இல்லை, மாநிலச் சட்டமே. 1939-ஆம் ஆண்டின் பம்பாய் லிஃப்ட் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டு, 1942-லேயே தில்லி லிஃப்ட் விதிகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 1997-லும் ஹரியானாவில் 2008-லும் சட்டம் வந்தது. நொய்டாவிலும் காஜியாபாத்திலும் வானளாவிய அடுக்குமாடிகள் எழுந்து லட்சக்கணக்கானவர்கள் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதும், உத்தரப் பிரதேசத்தில் 2024 வரை தனி லிஃப்ட் சட்டம் கிடையாது. தில்லியில் நான்கு மாடி ஏறும் லிஃப்டுக்கு உரிமம் வேண்டும். ஆற்றைத் தாண்டி இருபது மாடி ஏறும் லிஃப்டுக்குக் கேட்பாரில்லை என்ற நிலை. பல விபத்துகளும் குடியிருப்போர் சங்கங்களின் முறையீடுகளும் நடந்த பிறகே 2024-ல் சட்டம் வந்தது. இன்று அங்கே லிஃப்டைப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டும். சொசைட்டி நிர்வாகக் குழுவில் இருக்கும் நம் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையெழுத்திடுபவர்கள் அவர்களே.

குழாய் மூலம் வரும் சமையல் கேஸ் இதற்கு நேர்மாறு. அங்கே உரிமம் மாநிலத்திடமும் இல்லை, ஊரிடமும் இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய ஒழுங்குமுறை வாரியம் ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனத்தை அங்கீகரிக்கிறது. அந்த நிறுவனம் தன் ஆட்களையே அனுப்புகிறது. அதனால்தான் தில்லியிலும் நொய்டாவிலும் காஜியாபாத்திலும் ஒரே நிறுவனத்தின் கேஸ் வருகிறது. மாடுலர் கிச்சன் போடுபவர் "பைப்பை நானே கொஞ்சம் நகர்த்திவிடுகிறேன்" என்றால் இணங்கவே கூடாது.

உரிமமே இல்லாத வேலைகள்

கொத்து வேலை, தச்சு, பெயின்ட், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மொட்டைமாடிக்கு வாட்டர்புரூஃபிங் ஆகியவற்றுக்கு நம் நாட்டில் மின்சாரத்துக்கு உள்ளதைப் போன்ற திறமை உரிமம் கிடையாது. மாநிலமும் தருவதில்லை, ஊரும் தருவதில்லை. 'அரசு அங்கீகாரம் பெற்ற பெயின்டிங் காண்ட்ராக்டர்' என்று அட்டையில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் நாம் மேலே பார்த்த டெண்டர் பதிவாகவோ வரிப் பதிவாகவோ இருக்கும்.

இத்தகைய வேலைகளில் நமக்கு ஒரே காவல் எழுத்து ஒப்பந்தம். என்ன வேலை, என்ன சாமான், என்ன விலை, எந்தத் தேதி, ஒழுகினால் எத்தனை மாதம்வரை வந்து சரி செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பணத்தை வேலை நடக்க நடக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மற்ற இடங்களில் எப்படி?

நம் ஏற்பாடு மட்டுமே சரி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நமக்கு நேர் எதிரான வழக்கம். பிளம்பருக்கு மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறை உரிமம் தருகிறது. சிகாகோ நகரம் மட்டும் தன் பிளம்பர்களுக்குத் தானே தருகிறது. எலக்ட்ரீஷியனையோ மாநிலம் கவனிப்பதில்லை. ஊர்கள் தங்கள் இஷ்டப்படி ஒழுங்கு செய்கின்றன. நியூயார்க் நகரில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் இருவருக்கும் நகரமே உரிமம் தருகிறது.

ப்ளோரிடா மாநிலத்தில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாநிலத் தேர்வில் தேறிச் சான்று பெற்றவர் மாநிலம் முழுவதும் வேலை செய்யலாம். ஊர்த் தகுதியைக் கொண்டு பதிவு செய்தவர் அந்த ஊர் எல்லைக்குள் மட்டுமே. பெயின்ட் அடிப்பவருக்கும் தரை போடுபவருக்கும்கூடச் சில மாவட்டங்கள் தனித்தனி உரிமம் கேட்டுவந்தன. ஓர் எல்லையைத் தாண்டினால் மறுபடி கட்டணம், மறுபடி விண்ணப்பம். 2021-ல் அம்மாநிலம் சட்டம் இயற்றி, இத்தகைய தொழில்களுக்கு ஊர்கள் உரிமம் கேட்பதை நிறுத்த முடிவு செய்தது.

எது நல்லது?

மாநில உரிமத்தால் தேர்வு ஒன்று, தரம் ஒன்று; தொழிலாளி வேலை இருக்கும் இடத்துக்குப் போகலாம். ஆனால் அலுவலகம் தொலைவு. நொய்டாவில் நடந்த தவறுக்கு உத்தரப் பிரதேச மின் பாதுகாப்பு இயக்ககத்தின் தலைமை அலுவலகம் லக்னோவில் இருக்கிறது. ஊர் உரிமத்தால் கண்காணிப்பு பக்கத்தில் கிடைக்கிறது. ஆனால் எல்லை குறுகல். உரிமம் வைத்திருப்பவர்கள் சிலரே என்றால் அவர்கள் வைத்ததே விலை.

இரண்டிலும் ஒரு பொதுவான நோய் உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். வேலை செய்பவர் வேறொருவர். உரிமக்காரர் வீட்டைக் கண்ணாலும் பார்க்காமல் சோதனைச் சான்றில் கையெழுத்திட்டு அதற்கொரு தொகை வாங்கிக்கொள்வார். லைசென்ஸை வாடகைக்கு விடுவது என்று தொழிலில் இதைச் சொல்வார்கள். இதில் இருவர் ஏமாறுகிறார்கள். வீட்டுக்காரருக்குக் கிடைப்பது சோதிக்கப்படாத வயரிங். தீ விபத்து நேர்ந்தால் விசாரணையிலும் இன்ஷூரன்ஸிலும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். உண்மையில் வேலை செய்த தொழிலாளிக்குக் கிடைப்பது அரைக்கூலி. ஷாக் அடித்து விழுந்தால் 'இவர் எங்கள் ஆள் அல்ல' என்ற பதில். ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைகள் இந்த இரண்டாம் இடத்தில்தான் அதிகம் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

திறமையை அகன்ற எல்லைக்குச் சோதித்துச் சான்று தர வேண்டும். பொறுப்பை ஊரின் பதிவேட்டில் வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. எல்லை தாண்டும்போதெல்லாம் மறுபடி தேர்வெழுதச் சொல்வது தொழிலாளிக்கு அநியாயம். யார் எங்கே வேலை செய்தார் என்று ஊருக்கே தெரியாமல் இருப்பது வீட்டுக்காரருக்கு ஆபத்து.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு

மதுரையில் வயர்மேன் சான்று பெற்ற ஒருவர் தில்லிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த அந்தத் தாள் இங்கே செல்லுமா?

விதியின் சொற்களைக் கவனியுங்கள். காண்ட்ராக்டருக்கு மாநில அரசு 'அளித்த' உரிமம் வேண்டும். ஆனால் சூப்பர்வைசர் சான்றுக்கும் வயர்மேன் பர்மிட்டுக்கும் அரசு 'அளித்த அல்லது ஏற்றுக்கொண்ட' என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் வழி இருக்கிறது. தனி மனிதனின் திறமைச் சான்றை வேறு மாநிலம் ஏற்றுக்கொள்ள இடம் உண்டு. தொழில் நடத்தும் உரிமத்தையோ புதிதாகவே வாங்க வேண்டும். ஆகவே ஊரிலிருந்து கிளம்பும்போது ஐ.டி.ஐ. சான்று, அப்ரென்டிஸ் சான்று, வயர்மேன் சான்று, வேலை செய்த அனுபவக் கடிதம் எல்லாவற்றின் அசலையும் கொண்டு வாருங்கள். வந்தவுடன் மின் ஆய்வாளர் அலுவலகத்தில், ஏற்றுக்கொள்ள என்ன வேண்டும் என்று நேரில் கேளுங்கள். சான்றுகளின் காலக்கெடு தாண்டாமல் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு வருவது மிக முக்கியம்.

நாட்டின் எந்தப் பகுதியிலும் தொழில் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. அதே பிரிவுதான் ஒரு தொழிலுக்குத் தகுதி இன்னதென்று விதிக்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தருகிறது. தகுதியைக் கேட்பது அவமானம் அல்ல. அதைக் காட்ட முடிவது நமக்குப் பலம்.

வீட்டுக்காரர் கேட்க வேண்டியவை

1. உரிமம் எந்த வேலைக்கு? மின் உரிமம் லிஃப்டுக்கு ஆகாது.
2. யார் கொடுத்தது? வீடு இருக்கும் மாநிலமா, வீட்டுக்குத் தண்ணீர் தரும் அமைப்பா?
3. காலக்கெடு முடியவில்லையே?
4. உரிமத்தில் உள்ள பெயர் யாருடையது? அவர் அல்லது அவருடைய சூப்பர்வைசர் வேலை நடக்கும்போது நேரில் வருவாரா?
5. வேலை முடிந்ததும் சோதனை செய்து, அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாரா?

இவற்றைக் கேட்டால் கூலி சற்றுக் கூடலாம். கூடினால் கொடுத்துவிடுவது லாபம்.

உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: நொய்டா ஃப்ளாட்டில் இரண்டாவது ஏ.சி.க்குத் தனி லைன் இழுக்க வேண்டும். தில்லி உரிமம் உள்ள காண்ட்ராக்டர் போதுமா?
விடை: போதாது. உத்தரப் பிரதேச அரசின் உரிமம் வேண்டும்.

கேள்வி: மயூர் விஹார் வீட்டில் பழைய ஃபேனை எடுத்துவிட்டுப் புதியது மாட்ட உரிமம் பெற்றவர் தேவையா?
விடை: விதிப்படி தேவையில்லை. மெயினை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: கோல் மார்க்கெட் பகுதியில் தண்ணீர் இணைப்புக்கு ஜல் போர்டிடம் போக வேண்டுமா?
விடை: இல்லை. அது புதுதில்லி நகராட்சிப் பகுதி. அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: வாட்டர்புரூஃபிங் காண்ட்ராக்டர் ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டி 'அரசு உரிமம்' என்கிறார். சரியா?
விடை: சரியல்ல. அது வரிப் பதிவு. அவரிடம் எழுத்து ஒப்பந்தம் கேளுங்கள்.

நான்குக்கும் சரியாக விடை சொன்னவர்கள் தங்கள் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பாடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். அடுக்குமாடியில் அவர் வீட்டு வயரிங்கும் நம் வீட்டு வயரிங்கும் ஒரே தண்டின் வழியாகத்தான் ஏறி வருகின்றன.